கறுவாவா, கசியாவா?

யாழ்ப்பாணத் திருநெல்வேலிச் சந்தையில் வாங்கிய நம் இலங்கைக் கறுவாவைக் கையில் எடுத்துப் பாருங்கள். மெல்லிய பட்டைகள் சுருட்டுப்போல ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டிருக்கும். விரலால் அழுத்தினாலே நொறுங்கும். அதன் உறவினமான கசியா தடித்த ஒற்றைப் பட்டை. காரம் கூடுதல், விலை குறைவு.

“கறுவா சர்க்கரையைக் குறைக்கும்” என்பவர்கள் பெரும்பாலும் காட்டுவது, 2003இல் வெளியான பாகிஸ்தான் ஆய்வை. அதில் 60 நீரிழிவு நோயாளர், 40 நாட்கள், கொடுக்கப்பட்டதோ கசியா! பின்வந்த ஆய்வுகளில் சில அந்தப் பலனைக் கண்டன, சில காணவில்லை.

கசியாவில் கூமரின் என்ற இயற்கை வேதிப்பொருள் அதிகம். நாள்தோறும் அளவுமீறிச் சேர்ந்தால் சிலருக்கு ஈரல் பாதிக்கப்படும். நம் கறுவாவில் அது மிகச் சொற்பம்.

தினமும் தேத்தண்ணீரில் கறுவா போடும் அம்மாவுக்கு நான் கசியா வாங்குவதேயில்லை. சர்க்கரைக்கு மருத்துவர் தந்த மாத்திரையையும் நிறுத்த விடமாட்டேன்.