லேப்டாப் டிவிடி டிரைவைச் சரிபார்க்கக் கொடுக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

அக்காவின் கல்யாண டிவிடி லேப்டாப்புக்குள் மாட்டிக்கொண்டது. 2011இல் ஸ்டுடியோக்காரர் கொடுத்த இரண்டில் முதலாவது. பென்டிரைவில் ஏற்றலாம் என்று போட்டேன். டர்ரென்று இரண்டு தடவை சுற்றி நின்றுவிட்டது. பொத்தானை அழுத்தினாலும் தட்டு வெளியே வரவில்லை.

பக்கத்துத் தெரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த தம்பி கழற்றிக்கூடப் பார்க்காமல், "டிரைவ் போச்சு சார், போர்டுலயும் பிரச்சினை இருக்கு, விட்டுட்டுப் போங்க" என்றார். ரசீது கேட்டதற்குத் துண்டுச்சீட்டில் என் பெயரையும் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தார். நானும் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

நாலு நாள் "நாளைக்கு வாங்க சார்". ஐந்தாம் நாள், புது டிரைவ் 2,800, போர்டு வேலை 1,500, டிஸ்க் எடுத்ததற்கு 300. ஆக 4,600 ரூபாய். டிஸ்கின் ஓரத்தில் பிறை போல ஒரு கீறல். ஸ்குரூ டிரைவரால் நெம்பியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் டிரைவின் முகப்பு ஆடுகிறது. கருப்பு லேப்டாப்பில் சாம்பல் நிற முகப்பு வேறு. ஆபீஸ் நண்பர் அடியில் இருந்த ஒரே ஒரு திருகைக் கழற்றி இழுத்தார், மேஜை டிராயர் மாதிரி வந்துவிட்டது. இதற்குத்தான் ஐந்து நாள்! என் லேப்டாப்பில் இருக்க வேண்டியது 12.7 மி.மீ. தடிமன் டிரைவ், போட்டிருந்தது 9.5 மி.மீ. இரண்டுக்கும் கனெக்டர் ஒரே மாதிரிதான் என்பதால் வேலை செய்கிறது. இடைவெளிக்கு விசிட்டிங் கார்டை மடித்து முட்டுக் கொடுத்திருந்தார்கள், அதே கடையின் கார்டு. ஸ்டிக்கரில் தயாரித்த வருடம் 2010. நான் லேப்டாப் வாங்கியதே 2014இல். ரேமை மட்டும் தொடவில்லை, அந்தப் புண்ணியம்.

போர்டு கதையும் பொய்தான். அதற்கு முந்தின வாரம்வரை அந்த டிரைவில் பாட்டு சிடி ஓடியது, டிவிடிதான் திணறியது. சிடிக்கும் டிவிடிக்கும் உள்ளே வேறு வேறு லேசர். போர்டில் கோளாறென்றால் இரண்டும்தானே படுத்திருக்க வேண்டும்? டிவிடி லேசர் தளர்ந்திருக்கும், இல்லை லென்ஸில் தூசி.

மாட்டிய டிஸ்கை எடுக்கக் கடையே தேவையில்லை. முகப்பில் ஊசித்துளை போல ஒன்று இருக்கும். லேப்டாப்பை அணைத்துவிட்டு, ஜெம் கிளிப்பை நிமிர்த்தி அதில் நேராக அழுத்தினால் தட்டு ஒரு விரல் அளவு வெளியே வரும், மிச்சத்தைக் கையால் இழுத்துக்கொள்ளலாம். கடைக்குக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் டிரைவைக் கழற்றி ஸ்டிக்கரைப் போனில் படம் எடுத்துவிட்டுக் கொடுங்கள், சீரியல் நம்பரை ரசீதில் எழுதச் சொல்லுங்கள்.

திரும்பப் போய்க் கேட்டேன். பழைய டிரைவை "ஸ்கிராப்ல போட்டாச்சு சார்" என்றார். நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசலாம் என்று போனை எடுத்தேன். கையில் இருப்பதோ துண்டுச்சீட்டு. வைத்துவிட்டேன்.

அப்புறம் ரிச்சி தெருவில் 1,200 ரூபாய்க்கு யுஎஸ்பி டிவிடி டிரைவ் வாங்கினேன். டிவிடி உள்ளிருந்து வெளிப்பக்கமாகப் படிக்கப்படும். ஸ்டுடியோக்காரர் விளிம்புவரை நிரப்பியிருந்தார். மாப்பிள்ளை அழைப்பு, ஊஞ்சல் எல்லாம் நன்றாக வருகிறது. ஐயர் தாலியை எடுத்துக் கொடுக்கிறார், கெட்டிமேளம் என்று யாரோ குரல் கொடுக்கிறார், அங்கே படம் உறைந்துவிடுகிறது.

அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.