‘2025 புதிய பதிப்பு’ என்று விற்கும் அனிமேஷன் புத்தக செட்: சேலத்துக்காரர்கள் பிரித்துப் பார்த்து வாங்குங்கள்

சேலத்தில் இரண்டு மூன்று இடங்களில் ஒரு அனிமேஷன் புத்தக செட் விற்கிறார்கள். மூன்று புத்தகம், ஒரு டிவிடி, விலை 1,850 ரூபாய். மூன்றும் அனிமேஷன் மென்பொருள்களுக்கு: பிளெண்டருக்கு ஒன்று, முன்பு ஃபிளாஷ் என்றிருந்த அனிமேட்டுக்கு ஒன்று, மாயாவுக்கு ஒன்று. அட்டையில் ‘2025 புதிய பதிப்பு’ என்று பளபளப்பாக அச்சடித்திருக்கிறது. ஆறு பேர் வாங்கிய செட்டுகளை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறோம். அட்டை மட்டும்தான் புதிது. உள்ளே இருப்பது பிளெண்டர் 2.79, ஃபிளாஷ் 8, மாயா 2011 என்ற பழைய பதிப்புகளுக்கான பாடம்.

பழைய புத்தகம் விற்பது தப்பில்லை. பழைய புத்தகக் கடையில் ‘இது 2.79-க்கு உள்ளது’ என்று சொல்லி நூறு ரூபாய்க்குக் கொடுத்தால் தாராளமாக வாங்கலாம். பந்து துள்ளும்போது எங்கே நசுக்குவது, எங்கே நீட்டுவது, கை அசைவுக்கு முன்னால் எத்தனை ஃபிரேம் பின்வாங்க விடுவது என்பதெல்லாம் மென்பொருள் மாறினாலும் மாறாத பாடம். பழசின் மேல் புது வருஷத்தை ஒட்டிப் புதுசின் விலைக்கு விற்பதுதான் மோசடி. இதில் எங்களுக்கு மனசு ஆறாதது வேறொன்று. கற்றுக்கொள்ள வந்த பிள்ளை புத்தகத்தைச் சந்தேகப்படாது, தன்னைத்தான் சந்தேகப்படும். ‘சொன்னபடிதான் அழுத்தினேன், வரவில்லை, நமக்கு இது வராது போல’ என்று மூடி வைத்துவிடும்.

பிளெண்டர் புத்தகத்தின் முதல் அனிமேஷன் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கீஃபிரேம் (இந்த ஃபிரேமில் பொருள் இப்படி இருக்க வேண்டும் என்ற குறி) போட்டுவிட்டு, ஓட்டிப் பார்க்க ஆல்ட் + ஏ அழுத்தச் சொல்கிறது. 2019 ஜூலையில் வந்த 2.80-இலிருந்து ஓட்டுவதற்கு ஸ்பேஸ் பார். ஆல்ட் + ஏ அழுத்தினால் தேர்வு செய்த எல்லாம் விடுபட்டுவிடும். ஆக, பிள்ளை ஆல்ட் + ஏ அழுத்துகிறது, எதுவும் ஓடவில்லை. கீஃபிரேம் சரியாக விழவில்லை போல என்று மறுபடி ஐ அழுத்துகிறது. இப்போது எதுவுமே தேர்வில் இல்லாததால் கீஃபிரேமும் விழாது. போதாக்குறைக்கு, ஐ அழுத்தினால் ஒரு பட்டியல் விரியும், அதில் லொகேஷனைத் தேர்ந்தெடு என்கிறது புத்தகம். 4.1-இலிருந்து ஐ அழுத்தியதும் இடம், சுழற்சி, அளவு மூன்றுக்கும் நேராகக் கீஃபிரேம் விழும். பட்டியல் வேண்டுமென்றால் கே அழுத்த வேண்டும். ஒரே பக்கத்தில் இரண்டு இடத்தில் தடுக்கி விழ வைக்கிறது.

அடுத்தடுத்த பாடங்களும் இப்படியே. ஒளி பற்றிய பாடத்தில் ‘லேம்ப்’ என்றும் அதில் ‘ஹெமி’ என்றும் வரும். 2.80-இல் லேம்ப் லைட் ஆகிவிட்டது, ஹெமி எடுக்கப்பட்டுவிட்டது. இருபது சின்னச் சதுரங்களாக இருந்த லேயர் போய் கலெக்‌ஷன் வந்தது. மெட்டீரியல் பாடம் முப்பது பக்கம், முழுக்க பிளெண்டர் இன்டர்னல் என்ற ரெண்டரருக்கானது (ரெண்டரர் என்பது இறுதிப் படத்தை உருவாக்கித் தரும் பகுதி). அந்த ரெண்டரரே இன்றைய பிளெண்டரில் கிடையாது. உருவத்தை அசைக்க உள்ளே எலும்பு மாட்டும் பாடத்தில் சொல்லும் போன் லேயர் 4.0-இல் போன் கலெக்‌ஷன் ஆகிவிட்டது.

ஃபிளாஷ் புத்தகத்தில் பிள்ளைகள் ஆசையாகத் தேடிப்போகும் பாடம் மோஷன் கைடு. ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரு கோடாக வரைந்து அதன் மேல் பஸ்ஸை ஏற்ற வேண்டும் என்றால் இதுதான் வழி. லேயர் பட்டியலுக்குக் கீழே இருக்கும் ‘ஆட் மோஷன் கைடு’ பொத்தானை அழுத்து என்கிறது புத்தகம். 2008-இல் ஃபிளாஷ் சிஎஸ்4 பதிப்பு வந்தபோதே அந்தப் பொத்தான் அங்கிருந்து போய்விட்டது. இப்போது பஸ் இருக்கும் லேயரின் மேல் ரைட் கிளிக் செய்து ‘ஆட் கிளாசிக் மோஷன் கைடு’ எடுக்க வேண்டும். மேலே வரும் புது லேயரில் பென்சிலால் பாதையை வரையுங்கள், கோடு எங்கேயும் அறுபடக் கூடாது. முதல் கீஃபிரேமில் பஸ்ஸின் நடுவட்டம் கோட்டின் ஒரு முனையிலும், கடைசிக் கீஃபிரேமில் மறு முனையிலும் ஒட்ட வேண்டும். இடைப்பட்ட அசைவை நிரப்பும் கிளாசிக் ட்வீனை நடுவில் போட்டு ‘ஓரியன்ட் டு பாத்’ டிக் செய்தால் வளைவுக்கு ஏற்ப பஸ் திரும்பும். நடுவட்டம் கோட்டில் ஒட்டாவிட்டால் பஸ் வளைவுகளை விட்டுவிட்டு நேர்கோட்டில் போகும்.

அதே புத்தகத்தில் எல்லாக் கணக்கும் நொடிக்கு 12 ஃபிரேம். ஃபிளாஷ் 8-இன் இயல்பு அளவு அதுதான். கோப்பை நொடிக்கு 24-இல் திறந்துவிட்டுப் புத்தகம் சொன்னபடி 24 ஃபிரேமில் பந்தைத் துள்ளவிட்டால் இரண்டு நொடியில் விழ வேண்டியது ஒரே நொடியில் விழும். பட்டனின் மேல் நேராக எழுதச் சொல்லும் ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 2 நிரல் இன்று ஓடாது. 2013-இல் வந்த ஃபிளாஷ் சிசியிலேயே அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டார்கள். இணையத்துக்காக அனிமேட்டில் செய்யும் கேன்வாஸ் கோப்பில் ஃபிரேம் எண்ணிக்கை 0-இலிருந்து தொடங்கும்; 5-க்குப் போ என்று எழுதினால் ஆறாவது ஃபிரேமில் போய் நிற்கும். கடைசி அத்தியாயம் எஸ்டபிள்யூஎஃப் என்ற ஃபிளாஷ் கோப்பை இணையத்தில் ஏற்றுவது பற்றி. அதை ஓட்டிக் காட்டும் ஃபிளாஷ் பிளேயர் 2020 டிசம்பர் 31-உடன் முடிந்துபோனது.

மாயா புத்தகத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அனிமேஷன் மெனுவுக்கு எஃப்2 என்கிறது. மாயா 2016-இலிருந்து எஃப்2 மாடலிங், அனிமேஷனுக்கு எஃப்4. ரெண்டர் பாடம் மென்டல் ரே என்ற ரெண்டரருக்கானது. மாயா 2017-இல் அதை எடுத்துவிட்டு ஆர்னால்டு என்ற ரெண்டரரைக் கொடுத்தார்கள்.

அச்சையும் சொல்ல வேண்டும். மூன்றுமே வண்ணப் புத்தகத்தைக் கறுப்பு வெள்ளையில் நகலெடுத்தது. கதைப் புத்தகமாக இருந்தால் போகட்டும் என்று விடலாம். இங்கே வண்ணம்தான் பாடமே. எந்த எலும்பு எந்த இடத்தை எவ்வளவு இழுக்கும் என்று வண்ணத்தில் காட்டும் வெயிட் பெயின்ட் படத்தில் நீலம் என்றால் அந்த எலும்பு அந்த இடத்தை இழுக்காது, சிவப்பு என்றால் முழுதாக இழுக்கும். இரண்டும் ஒரே சாம்பலாக அச்சாகியிருக்கிறது. அசைவைக் கோடுகளாகக் காட்டும் கிராஃப் எடிட்டரில் எக்ஸ் சிவப்பு, ஒய் பச்சை, இசட் நீலம். நகலில் மூன்று சாம்பல் நூல்கள் பின்னிக் கிடக்கின்றன. எது மேலே தூக்குகிறது, எது பக்கவாட்டில் தள்ளுகிறது என்று எங்களுக்கே தெரியவில்லை.

தமிழ் விளக்கம் என்று போட்டிருப்பது இயந்திர மொழிபெயர்ப்பு. ‘பேரன்ட்’ என்ற கட்டளை ‘பெற்றோர்’ ஆகியிருக்கிறது, ‘கீ’ சில இடத்தில் ‘சாவி’, ‘பேக்’ என்பது ‘சுடவும்’. திரையில் இருப்பது ஆங்கில மெனு. அதே பெயரை ஒலி மாறாமல் தமிழில் எழுதினால் தேடி எடுத்துவிடலாம். ‘வித் ஆட்டோமேட்டிக் வெயிட்ஸ்’ என்பதை ‘தானியங்கி எடைகளுடன்’ என்று எழுதினால் எந்த மெனுவில் தேடுவது?

டிவிடி விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. பயிற்சிக் கோப்புகள் என்ற ஃபோல்டரில் பாதிக்கு மேல் 0 கேபி, பெயர் மட்டும்தான். ஆனால் ‘சாஃப்ட்வேர் ஃப்ரீ’ என்ற ஃபோல்டரில் ஃபிளாஷும் மாயாவும் கிராக்கோடு (உரிமம் இல்லாமல் திறக்க வைக்கும் திருட்டு நிரல்) இருக்கின்றன. கூடவே, ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டச் சொல்லி ஒரு குறிப்பு. தயவுசெய்து ஓட்டாதீர்கள். ஏற்கெனவே ஓட்டியிருந்தால் அந்தக் கம்ப்யூட்டரில் நெட் பேங்கிங் தொடாதீர்கள். பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். சொந்தக் கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். பிளெண்டருக்கு எந்தக் கிராக்கும் வேண்டாம், அது எப்போதுமே இலவசம்.

கடையில் நின்றபடியே ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க மாட்டேன் என்றால் அங்கேயே திரும்பிவிடுங்கள். முதலில் பதிப்பு விவரப் பக்கம். இந்த செட்டில் அதைக் கிழித்திருக்கிறார்கள், அல்லது மேலே தாள் ஒட்டியிருக்கிறார்கள். பின்னட்டைப் பட்டைக் கோட்டின் கீழுள்ள எண்ணும் உள்ளே இருக்கும் ஐஎஸ்பிஎன்னும் (புத்தகத்தின் அடையாள எண்) ஒன்றாக இருக்க வேண்டும். உள்ளே பத்து இலக்கம் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் 2007-க்கு முந்தைய அச்சு. 2007 ஜனவரியிலிருந்து 13 இலக்கம். 13 இலக்கத்தை 1, 3, 1, 3 என்று மாறி மாறிப் பெருக்கிக் கூட்டினால் மொத்தம் 10-ஆல் மீதியில்லாமல் வகுபட வேண்டும். வகுபடவில்லை என்றால் அந்த எண் தப்பு. பிறகு புத்தகத்தில் உள்ள ஸ்கிரீன்ஷாட்களைப் பாருங்கள். பிளெண்டர் படத்தில் மேலே லேஅவுட், மாடலிங், ஸ்கல்ப்டிங் என்று தாவல்கள் இருந்தால் 2.80-க்குப் பிந்தையது. வெளிர் சாம்பல் திரையும் காட்சிப் பகுதிக்கு அடியில் மெனுவும் இருந்தால் பழையது. கடைசியாகப் பக்க எண்களை வேகமாகப் புரட்டுங்கள். எங்களிடம் வந்த ஒரு பிரதியில் 16 பக்கம் இரண்டு முறை வருகிறது, அடுத்த 16 பக்கம் இல்லவே இல்லை.

வாங்கிவிட்டவர்கள் பிளெண்டர் புத்தகத்தை மட்டுமாவது பயன்படுத்தலாம். பிளெண்டரின் அதிகாரப்பூர்வத் தளத்தில் பழைய பதிப்புகள் எல்லாம் கிடைக்கின்றன. 2.79-இன் ஜிப் கோப்பை இறக்கி ஒரு ஃபோல்டரில் பிரித்தால் போதும், புதிய பதிப்போடு மோதாது. கீஃபிரேம், கிராஃப் எடிட்டர், எலும்பு மாட்டும் அடிப்படை வரை அதில் கற்றுக்கொண்டு புதியதற்கு வந்துவிடுங்கள். மெட்டீரியல் பாடத்தைத் தொடவே வேண்டாம்.

பணத்தைத் திரும்பக் கேட்க பில் வேண்டும். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லிலேயே அச்சடித்திருந்தாலும் தயங்காதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும், பில் தர மறுப்பதும் நேர்மையற்ற வணிக நடைமுறை. பில்லில் வேறு கெடு இல்லாவிட்டால் திருப்பிக் கொடுக்க 30 நாள் கணக்கு. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். அதில் தீராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். மனுவோடு அட்டை, உள்பக்கத்தில் பதிப்பு எண் தெரியும் ஒரு படம், 0 கேபி கோப்புகளின் பட்டியல் மூன்றையும் போட்டோ எடுத்து இணையுங்கள்.

ஆறு பேரில் இருவரிடம்தான் பில் இருந்தது. அட்டையையும் உள்பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியதும் அவர்களுக்கு முழுப் பணமும் வந்துவிட்டது. துண்டுச்சீட்டில் விலை மட்டும் எழுதி வாங்கிய மற்ற நால்வருக்கு இன்னும் வரவில்லை.