லாஸ் வேகாஸில் 'சூட்' எடுக்கப் போகிறீர்களா? கதவு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்

2024 அக்டோபரில் அம்மா அப்பாவை லாஸ் வேகாஸுக்கு அழைத்துப் போனோம். என் மனைவியையும் சேர்த்து நான்கு பேர். இரண்டு அறை எடுப்பதற்குப் பதில் ஒரு சூட் (படுக்கையறையும் முன்னறையும் சேர்ந்த ஓட்டல் அறை என்று நான் நினைத்திருந்தது) எடுத்தால் பெரியவர்களுக்கு உள்ளறை, எங்களுக்கு முன்னறை என்று கணக்குப் போட்டேன். முதல் இரண்டு இரவுகள் மலிவான ஓட்டல், மூன்றாம் இரவு மட்டும் ஆடம்பர ஓட்டல்.

மலிவான சூட்டுக்குத் திரையில் காட்டிய வாடகை இரவுக்கு 49 டாலர். போய் நின்றதும் வரவேற்பு மேசையில் கணக்கு வளர ஆரம்பித்தது. ரிசார்ட் கட்டணம் இரவுக்கு 42. இணைய வசதிக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்குமாம்; உடற்பயிற்சிக் கூடம் எந்தத் திசையில் இருந்தது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அறை வாடகையில் இரண்டு பேர்தான் அடக்கம் என்று மற்ற இருவருக்கு இரவுக்குத் தலைக்கு 30. இத்தனைக்கும் மேல் 13.38 சதவீத அறை வரி, ரிசார்ட் கட்டணத்தையும் சேர்த்து. 98 டாலர் என்று நினைத்துப் போனவன் 342 டாலர் 41 சென்ட் கொடுத்தேன். முன்பதிவு செய்யும்போது பொடி எழுத்தில் எல்லாம் இருந்ததுதான். நான் படிக்கவில்லை.

பணத்தைக்கூட மறந்துவிடலாம், அறையை மறக்க முடியாது. சூதாட்டக் கூடத்தைக் கடந்துதான் லிப்டுக்குப் போக வேண்டும். லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தில் 2006-இல் வந்த புகைத் தடைச் சட்டம் சூதாட்டக் கூடங்களுக்கு விலக்குக் கொடுத்துவிட்டதால், அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே நடந்தார். கதவைத் திறந்தால் ஒரே நீளமான அறை. ஒரு கோடியில் கட்டில், மறுகோடியில் சோபா, நடுவே பெயருக்குக்கூடச் சுவர் இல்லை. "என்னப்பா, கல்யாண மண்டபத்தில் படுப்பதுபோல அல்லவா இருக்கிறது?" என்றார் அப்பா. கீழே போய்க் கேட்டேன். படத்தில் நான் பார்த்தது புதுப்பித்த கட்டடத்து அறையாம். இரவுக்கு இன்னும் 40 கொடுத்தால் மாற்றித் தருவார்களாம். மறுத்துவிட்டுத் திரும்பினேன். இரண்டு இரவும் சோபாவின் கம்பி என் மனைவியின் முதுகில்.

அந்த ஊரில் 'சூட்' என்பது பெரிய அறைக்கு வைத்த பெயர், அவ்வளவே. 1990-இல் திறந்த ரியோ ஓட்டலும் 1999-இல் திறந்த வெனிஷியன் ஓட்டலும் தங்கள் அறைகள் எல்லாமே சூட் என்று சொல்லித்தான் புகழ்பெற்றன. அங்கேயும் சாதாரண சூட்டில் படுக்கைக்கும் சோபாவுக்கும் நடுவே கதவு கிடையாது.

மூன்றாம் இரவு போன இடம் வேறு உலகம். பளிங்குக் குளியலறை, சுத்தமான மெத்தை, நான்கு பேருக்கும் ஒரே வாடகை. 179 வாடகை, 50 ரிசார்ட் கட்டணம், வரி எல்லாம் சேர்த்து 259 டாலர் 64 சென்ட். திரையில் பார்த்தபோது மலிவானதைப் போல மூன்றரை மடங்காகத் தெரிந்தது. கையிலிருந்து போனது ஒன்றரை மடங்குதான். இது முன்பே தெரிந்திருந்தால் மூன்று இரவும் இங்கேயே தங்கியிருப்பேன்.

ஆனால் இங்கேயும் ஒரு பொறி இருந்தது. கட்டித் தயிரும் சோறும் கொண்டுபோயிருந்தோம். அதை வைக்க அப்பா அறையின் சின்னக் குளிர்பெட்டியில் ஓட்டல்காரர்கள் விற்பனைக்கு வைத்திருந்த பாட்டில்களை எடுத்து மேசையில் அடுக்கிவிட்டார். எடுத்த பொருளைக் குடித்ததாகவே எண்ணிக் கணக்கில் ஏற்றும் உணரி உள்ளே இருக்கிறது. காலையில் பில்லில் 68 டாலர். மூடி திறக்காத பாட்டில்களைக் காட்டி வாதாடியதும் எடுத்துவிட்டார்கள். பில்லைப் பார்க்காமல் கிளம்பியிருந்தால் அதுவும் போயிருக்கும்.

2025 மே 12 முதல் அமெரிக்காவில் ரிசார்ட் கட்டணம் போன்ற கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்தே விலையைக் காட்ட வேண்டும் என்று விதி வந்துவிட்டது. அரசு வரியை அப்போதும் தனியாகக் காட்டலாம். கார் நிறுத்தும் கட்டணம், சீக்கிரம் அறைக்குள் நுழையக் கட்டணம் போன்றவை விருப்பச் செலவு என்ற பெயரில் வெளியே நிற்கும். ஆகவே முன்பதிவுக்கு முன் போன் செய்து, எத்தனை பேருக்கு வாடகை, எந்தக் கட்டடம், படுக்கையறைக்குக் கதவு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முன்பணத்துக்கு டெபிட் கார்டைக் கொடுக்காதீர்கள். மலிவான ஓட்டல் பிடித்து வைத்த என் 200 டாலர் பத்தாம் நாள்தான் கணக்குக்குத் திரும்பியது. அதற்குள் அப்பா மதுரைக்கே போய்ச் சேர்ந்துவிட்டார்.