ஆர்க்டிக் கடல் மாதிரிகள்: நெடுநாள் பயன்பாட்டில் தெரிந்தவை

ஆர்க்டிக் பெருங்கடலின் நீரோட்டத்தையும் கடல் பனியையும் கணக்கிடும் கணினி மாதிரிகளின் தரவுகளைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பயோமாஸ் (PIOMAS), ஐரோப்பிய நிறுவனங்கள் கூட்டாகப் பேணும் நீமோ, ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெகனர் நிறுவனத்தில் உருவான ஃபெசோம், நார்வேயின் பெர்கன் நகரிலிருந்து வரும் நெக்ஸ்ட்சிம் ஆகியவற்றோடுதான் பழக்கம் அதிகம். இவற்றில் எது சிறந்தது என்று கேட்பவர்களிடம், உங்களுக்கு வேண்டியது பனியா, பனிக்கு அடியில் இருக்கும் நீரா என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

பனியின் மொத்தக் கனஅளவு பற்றிய வேலை என்றால் பயோமாஸ் போதும். 1979 முதல் தொடர்ச்சியாகக் கிடைக்கிறது; செயற்கைக்கோள் அளந்த பனிப்பரப்பைக் கணக்கில் சேர்த்துக்கொள்வதால், 2012 செப்டம்பரில் பனிப்பரப்பு ஏறத்தாழ 34 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது போன்ற நிகழ்வுகளைத் தவறவிடுவதில்லை. ஆனால் தடித்த பனியைச் சற்று மெலிதாகவும் மெல்லிய பனியைச் சற்றுத் தடிமனாகவும் காட்டும் போக்கு இதற்கு உண்டு. ஆகவே கிரீன்லாந்துக்கு வடக்கே ஓர் இடத்தின் தடிமனை மட்டும் இதிலிருந்து எடுத்து மேற்கோள் காட்ட நான் துணிவதில்லை. மேலும், இதில் 'தடிமன்' என்று வருவது, மாதிரி கடலைப் பிரித்துக்கொள்ளும் சிறு கட்டம் ஒன்றிலுள்ள பனி முழுவதையும் திறந்த நீரையும் சேர்த்துப் பரப்பிக் கிடைக்கும் சராசரி. அதைப் பனிச்செறிவால் (கட்டத்தில் பனி மூடிய பங்கால்) வகுக்காமல் களத்தில் அளந்த தடிமனோடு ஒப்பிட்டால், ஓரப்பகுதிகளில் மாதிரியின் மீது வீண்பழிதான் விழும்.

நீரின் கதை வேறு. கிரீன்லாந்துக்கும் ஸ்வால்பார்டுக்கும் இடையிலுள்ள ஃபிராம் நீரிணை வழியாகவும் பாரன்ட்ஸ் கடல் வழியாகவும் நுழையும் அட்லாண்டிக் நீர், சுமார் 150 முதல் 900 மீட்டர் ஆழத்தில், கண்டத்தின் விளிம்பில் கடலடி ஆழத்துக்கு இறங்கும் கண்டச்சரிவை ஒட்டி இடஞ்சுழியாகச் சுற்றுகிறது என்பதே அளவீடுகள் காட்டும் படம். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த ஆர்க்டிக் கடல் மாதிரி ஒப்பீட்டுத் திட்டத்தில், ஏறக்குறைய ஒரே காற்றுத் தரவைக் கொடுத்தும், சில மாதிரிகள் இந்நீரை இடஞ்சுழியாகவும் வேறு சில வலஞ்சுழியாகவும் ஓட்டின. இத்தகைய மாதிரிகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தால், எந்த மாதிரியும் சொல்லாத, கடலிலும் இல்லாத ஒரு தேக்கம்தான் கிடைக்கும். பல மாதிரிகளின் சராசரியே பாதுகாப்பானது என்ற வழக்கமான அறிவுரை இங்கே எடுபடாது. ஆர்க்டிக்கில் நீர்ச்சுழிகளின் அளவு ஆழ்பகுதியில் 10 கிலோமீட்டரை ஒட்டியும் கரையை ஒட்டிய ஆழமற்ற கண்டத்திட்டில் அதைவிடச் சிறிதாகவும் இருப்பதால், அகலமான கட்டங்களுக்குள் அவை பிடிபடாமல் போவது மாதிரிகள் இப்படி முரண்படுவதற்கு ஒரு காரணம். கணக்கீட்டு முறையாலேயே நீரடுக்குகள் அளவுக்கு மீறிக் கலந்துவிடும் மிகைக்கலப்பு இன்னொரு தொல்லை. அட்லாண்டிக் நீரடுக்கைத் தேவைக்கு மேல் தடிமனாக்கி ஆழத்தில் இறக்கிவிடும் குறை இன்றும் பல மாதிரிகளில் தொடர்கிறது. தேவையான இடத்தில் முக்கோண வலையை நெருக்கிக்கொள்ளக் கூடிய ஃபெசோமை ஃபிராம் நீரிணைக்கு நான் விரும்புவது இதனால்தான். அதன் தரவைப் படமாக வரைவது மட்டும் பொறுமையைச் சோதிக்கும்.

நீமோவின் கட்ட வலையில், கோடுகள் வந்து குவியும் துருவங்கள் வடக்கில் இரண்டு. கணக்கு முறியாமலிருக்க இரண்டையும் நிலப்பரப்பின் மேல் வைத்திருக்கிறார்கள். அதனால் கோப்பிலுள்ள திசைவேகக் கூறுகள் கிழக்கையும் வடக்கையும் அல்ல, கட்டத்தின் திசைகளையே குறிக்கின்றன. இரு கூறுகளும் கட்டத்தின் வெவ்வேறு விளிம்புகளில் இருப்பதால், முதலில் நடுப்புள்ளிக்குக் கொண்டுவந்து, பிறகே கோணத்தைத் திருப்ப வேண்டும். இதைச் செய்யாத படங்களில் பனி நேராகக் கரையில் ஏறுவதை அரங்குகளில் பார்த்திருக்கிறேன்.

பனியின் விரிசல்களுக்கு நெக்ஸ்ட்சிம். 1979இல் ஆய்வாளர் ஹிப்லர் முன்வைத்த, பனியைப் பாகுபோல் நகர்ந்து அழுத்தத்தில் உருமாறும் பொருளாகக் கருதும் பிசுக்கு-நெகிழி முறையை ஒட்டிய மாதிரிகளில், கட்டம் மிக நுண்ணியதாக இருந்தால்தான் நீண்ட பிளவுகள் தெளிவாகத் தோன்றும். பனியை நொறுங்கும் பொருளாகக் கருதும் நெக்ஸ்ட்சிம் 10 கிலோமீட்டர் அளவிலேயே அவற்றைக் காட்டிவிடுகிறது.

அண்டார்க்டிகாவுக்கு இவற்றில் எதையும் இதே நம்பிக்கையோடு பரிந்துரைக்க மாட்டேன். அங்கே 2014 வரை கூடிவந்த பனிப்பரப்பு 2016இல் திடீரெனச் சரிந்தது. காலநிலை மாதிரிகளில் பெரும்பாலானவை அந்தக் கூடுதலையே காட்டவில்லை.