ஜாஸிலா (jostle), ஹஸிலா (hustle)? கூட்டத்துல இடிக்கறதுக்கு எத போடறது

வேலூர் பக்கம் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் போற பசங்க இத கேட்டுட்டே இருக்காங்க, ரெண்டுலயும் நடுவுல டி (t) எழுத்து இருந்தும் சத்தம் வராது, அதனால குழப்பம் இன்னும் ஜாஸ்தி.

எங்க இருந்து வந்துச்சு
ஜாஸில்: ஜவுஸ்ட்ல இருந்து, அதாவது குதிரை மேல உக்காந்து ஈட்டியோட எதிராளி மேல மோதற விளையாட்டு. அது பழைய பிரெஞ்சு, அதுக்கும் பின்னாடி 'பக்கத்துல'ன்னு அர்த்தம் வர்ற லத்தீன்.
ஹஸில்: டச்சு, குலுக்கறது. தொப்பில காசு போட்டு குலுக்கி ஆடற சூதாட்டத்துக்கே ஹஸில் கேப்னு பேரு இருந்துச்சு.

அர்த்தம்
ஜாஸில்: முட்டி மோதறது. காட்பாடி ஜங்ஷன்ல அன்ரிசர்வ்டு பெட்டி வந்து நின்னதும், உள்ள இருக்கறவங்க இறங்கறதுக்குள்ள முழங்கையும் பையுமா ஏறறோமே, அச்சு அசல் அதான்.
ஹஸில்: ஒருத்தர புடிச்சு தள்ளிட்டு அவசரமா கூட்டிட்டு போறது. அப்புறம் அமெரிக்காக்காரங்க ஓடியாடி சம்பாதிக்கறதுக்கும் ஏமாத்தி விக்கறதுக்கும் வெச்சுட்டாங்க, இன்ஸ்டால இப்ப சம்பாதிக்கற அர்த்தம்தான் ஓடுது, எனக்கு அது கேட்டு கேட்டு சலிச்சு போச்சு.

நேதாஜி மார்க்கெட் நெரிசல பத்தி எழுதணும்னா கண்ண மூடிட்டு ஜாஸில் போடுங்க, பதவிக்கு அடிச்சுக்கறதுக்கும் அதே. போலீஸ் ஒருத்தன வேன்ல தள்ளிட்டு போனா ஹஸில், சைடு பிசினஸுக்கும் அதான்.