பால் ஜாயிண்ட் மாற்ற: சம்மட்டியா, சி-கிளாம்பா, கம்பம் பட்டறை பிரஸ்ஸா?

போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, அதற்கு மேல் ஏலத்தோட்டத்துக் கல் பாதையிலும் ஓடுகிற வண்டிக்கு, முன்சக்கரத்துப் பக்கம் ‘கடக் கடக்’ என்று ஒருநாள் சத்தம் வரத்தான் செய்யும். உடனே பால் ஜாயிண்ட், அதாவது சக்கரத்தையும் அதைத் தாங்கும் ஆர்மையும் இணைக்கும் உருண்டை மூட்டு, வாங்க ஓட வேண்டாம். இந்தப் பக்கம் ஓடும் ஜீப்புகள் பலவற்றில் அது கிடையவே கிடையாது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஆள் ஏற்றும் பழைய ஃபோர் வீல் டிரைவ் மஹிந்திரா மேஜர், எம்.எம்.540, அப்புறம் மாருதி ஜிப்ஸி எல்லாம் முன்னாலும் முழு ஆக்ஸில், பட்டை ஸ்பிரிங், பால் ஜாயிண்டுக்குப் பதில் கிங் பின் உள்ள வண்டிகள். அவற்றின் வைத்தியம் வேறு. 2010இல் வந்த மஹிந்திரா தார் சி.ஆர்.டி.இ, 2020இல் வந்த புதிய தார் மாதிரி, மேல் ஆர்ம் கீழ் ஆர்ம் என்று இரண்டு இரும்புக் கைகளில் முன்சக்கரம் தனித்தனியாக ஏறி இறங்கும் வண்டிகளுக்குத்தான் இந்தக் கணக்கு.

ஆட்டம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது எளிது. கீழ் ஆர்மில் ஸ்பிரிங்கோ, ஸ்பிரிங் வேலையைச் செய்யும் முறுக்குக் கம்பியான டார்ஷன் பாரோ உட்கார்ந்திருந்தால், ஜாக்கியை அந்த ஆர்முக்கு அடியிலேயே, ஜாயிண்டுக்கு எவ்வளவு பக்கமாக முடியுமோ அங்கே கொடுத்துத் தூக்குங்கள். சேஸிஸில் தூக்கினால் ஸ்பிரிங் ஜாயிண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், தேய்ந்த ஜாயிண்டும் நல்லதுபோல நடிக்கும். டயருக்கு அடியில் கடப்பாரை விட்டு நெம்பும்போது, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளுக்கும் ஆர்முக்கும் நடுவே அசைவு தெரிந்தால் கீழ் ஜாயிண்ட் போயிற்று. டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் குற்றவாளி வீல் பேரிங். இடதும் வலதும் பிடித்தால் மட்டும் ஆடுகிறது என்றால், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டைப் பாருங்கள்.

சரி, ஜாயிண்ட்தான் என்று ஆகிவிட்டது. ஆர்மில் போல்ட் போட்டுப் பிடித்த வகை என்றால் அலசவே வேண்டாம், வீட்டிலேயே முடித்துவிடலாம். ஆர்மின் துளைக்குள் அழுத்தி இறக்கிய வகை என்றால்தான் சம்மட்டியா, திருகி அழுத்தும் சி-கிளாம்பா, பட்டறை பிரஸ்ஸா என்ற கேள்வி வருகிறது. இதில் பலரும் குழப்பிக்கொள்ளும் ஒன்று உண்டு. வேலை ஒன்றல்ல, இரண்டு. ஜாயிண்டின் கூம்பிய டேப்பர் தண்டை நக்கிளிலிருந்து விடுவிப்பது ஒன்று. ஜாயிண்டின் உடம்பை ஆர்மிலிருந்து வெளியே தள்ளிப் புதியதை இறக்குவது இன்னொன்று. முதல் வேலைக்குச் சம்மட்டியை மிஞ்ச ஆளில்லை. இரண்டாவதற்கு அதைவிட மோசமான கருவியும் இல்லை.

முதல் வேலையில் நட்டை முழுதாகக் கழற்றாமல் நாலைந்து மரை விட்டு வையுங்கள். டேப்பர் உட்கார்ந்திருக்கும் நக்கிளின் தடித்த பக்கத்தில், பக்கவாட்டில், தயங்காமல் நாலு அடி. தண்டின் மேல் அடிக்கக் கூடாது, மரை சிதையும். ‘டப்’ என்று ஒரு சத்தம் வரும், நட்டு வரை ஆர்ம் இறங்கி நிற்கும். அந்த நட்டுதான் உங்கள் உயிர்க்காப்பு. ஸ்பிரிங்கின் அழுத்தம் முழுதும் அந்த நேரத்தில் ஆர்மில் இருக்கிறது, அதனால் ஜாக்கியும் அடியிலிருந்து நகரவே கூடாது. இரண்டு பல் முள்கரண்டி மாதிரி நடுவே அடித்து ஏற்றும் கருவி விரைவுதான், ஆனால் ஜாயிண்டின் ரப்பர் உறையான பூட்டைக் கிழித்துவிடும். தூக்கிப்போடப் போகிற ஜாயிண்டுக்குப் பரவாயில்லை. திரும்ப மாட்டப் போகிற டை ராட் எண்டுக்கு, திருகி இழுத்துக் கழற்றும் புல்லர்தான் சரி.

ஃபோர் வீல் என்பதால் இங்கே கூடுதலாக ஒரு தொல்லை. நக்கிளின் நடுவே டிரைவ் ஷாஃப்ட் போகிறது. நக்கிள் வெளியே சாயும்போது ஷாஃப்ட் அளவுக்கு மீறி இழுபட்டால் உள் ஜாயிண்ட் கழன்றுவிடும். கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் காலிப்பரும் ஹோஸில் தொங்கக் கூடாது.

இரண்டாவது வேலையில் சி-கிளாம்புக்கு ஒரு பெரிய வசதி உண்டு. ஆர்ம் வண்டியிலேயே இருக்கும், டார்ஷன் பாரைத் தொட வேண்டாம், அலைன்மெண்டும் அதிகம் கலையாது. ஆனால் ஜாயிண்டைத் தள்ள வைக்கும் கிண்ணம் அளவு பொருந்த வேண்டும். அரை மில்லி கோணலாக இறங்க ஆரம்பித்தால் துளையின் ஓரம் சீவப்பட்டுவிடும். ஜூன் மழையில் செம்மண் சேறு குடித்த வண்டியில் துரு பிடித்து உறைந்த ஜாயிண்டை, மல்லாக்கப் படுத்துக்கொண்டு நீளக் குழாய் மாட்டித் திருகிப் பாருங்கள், தெரியும். நண்பரிடம் கிளாம்ப் இரவல் கிடைத்து, மேல் ஜாயிண்ட் மட்டும் மாற்ற வேண்டியிருந்தால் நல்ல வழிதான். ஒரே ஒரு வேலைக்காக அதை விலைக்கு வாங்குவதை நான் சொல்ல மாட்டேன்.

என் ஓட்டு மூன்றாவது வழிக்கு. வீட்டில் ஆர்மைக் கழற்றி, சாக்கில் சுற்றி, கம்பத்திலோ தேனியிலோ ஹைட்ராலிக் பிரஸ் இருக்கும் லேத் பட்டறைக்கு எடுத்துப்போய், அழுத்தி வாங்கி, வீட்டில் மாட்டுவது. வண்டி முழுதையும் ஒர்க்‌ஷாப்பில் விட்டால் ஆகும் கூலியில் சிறு பங்குதான் இதற்கு. பிரஸ்ஸில் நேராக இறங்கும், துளை கெடாது. குறை, ஆர்மைக் கழற்றுவதில்தான். டார்ஷன் பார் என்றால் அட்ஜஸ்டர் போல்ட் எத்தனை மரை வெளியே நிற்கிறது என்று அளந்து எழுதிக்கொண்டு, பிறகே தளர்த்த வேண்டும். திரும்ப மாட்டும்போது ஆர்மின் ரப்பர் புஷ் போல்ட்டுகளைக் கையிறுக்கத்தில் விட்டு, வண்டி தன் எடையில் தரையில் நின்றபின் முழுதாக முறுக்குங்கள். சக்கரம் தொங்கும்போதே முறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும்.

பட்டறையில் ஒன்றுக்கு மட்டும் தலையாட்டாதீர்கள். துளை சற்று லூஸாக இருந்தால், “ஒரு டாக் அடிச்சு விட்டுரலாமாண்ணே?” என்று கேட்பார்கள். அந்த வெல்டிங் சூட்டில் ஜாயிண்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் இருக்கையும் கிரீஸும் வெந்துவிடும். துளை லூஸ் என்றால் ஆர்மையே மாற்ற வேண்டும். பழைய ஆர்மில் புஷ்களும் நொந்திருந்தால், ஜாயிண்டோடு வரும் முழு ஆர்ம் வாங்குவதே கணக்குக்குச் சரி. விலை கூடுதல்தான், பிரஸ் வேலை மிச்சம்.

சீல் செய்த ஜாயிண்டா, கிரீஸ் அடிக்க நிப்பிள் உள்ளதா என்றால், தார் ரோட்டிலேயே ஓடும் வண்டிக்கு முதல் வகை போதும். ஓடையில் இறங்கும் வண்டிக்கு நிப்பிள் உள்ளது நல்லது, உள்ளே போன தண்ணீரைப் புது கிரீஸ் வெளியே தள்ளும். பூட் லேசாக உப்பியதும் கிரீஸ் கன்னை நிறுத்துங்கள், மேலும் அடித்தால் வெடிக்கும். கிரீஸ் அடிக்கச் சோம்பல்படுகிறவருக்கு நிப்பிளால் ஒரு பயனும் இல்லை. குமுளியில் வாங்கினாலும் கட்டப்பனையில் “சேட்டா” என்று கூப்பிட்டு வாங்கினாலும், சேஸிஸ் நம்பரோடு பழைய ஜாயிண்டையும் கையில் கொண்டுபோங்கள்.

மாட்டும்போது டேப்பரைத் துடைத்து உலர்வாக வையுங்கள், அதில் கிரீஸ் தடவக் கூடாது. சர்வீஸ் புத்தகத்தில் சொன்ன முறுக்குக்கு இறுக்கியபின் ஸ்பிளிட் பின் துளை நேர்படவில்லை என்றால் அடுத்த பள்ளம் வரை இறுக்குங்கள், துளைக்காகத் தளர்த்தாதீர்கள். ஸ்பிளிட் பின் புதியதாக இருக்கட்டும். பழையதை நிமிர்த்திப் போடுவது வேண்டாம். அப்புறம் அலைன்மெண்ட் கடை வரை மெதுவாக ஓட்டிப் போங்கள். மெட்டு இறங்கித்தான் போக வேண்டும் என்றால், கிளம்பும் முன் எல்லா நட்டையும் இன்னொருமுறை ஸ்பானர் வைத்துப் பாருங்கள்.