நீல மாளிகை: சுண்ணாம்பு தெரிந்தவர்கள் காப்பாற்றிய வீடு

மலேசியாவின் பினாங்கில் பழைய வீட்டை விடுதியாக மாற்றியவர்கள் நிறையப் பேர் உண்டு. மாற்றிய பிறகும் வீட்டை வீடாகவே விட்டுவைத்த இடம் என்று நான் துணிந்து சொல்வது லீத் ஸ்திரீட்டில் இருக்கும் சியோங் ஃபாட் ட்ஸி மாளிகையைத்தான். நீல மாளிகை என்று கேட்டால் ஊரில் யாரும் வழி காட்டுவார்கள். எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்தில் பூச்சு வேலை குத்தகை எடுத்து, பழைய கடைவீடுகளின் சுவர்களோடு காலம் தள்ளியவன் நான். விடுதி என்று போனாலும் மெத்தையும் காலைச் சாப்பாடும் எனக்கு அப்புறம்தான். சுவர், கூரை, தண்ணீர் போகும் வழி, இவைதான் முதலில் கண்ணில் படும்.

கட்டியவர் சியோங் ஃபாட் ட்ஸி. சிறு வயதில் சீனாவிலிருந்து பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, பிழைக்க வந்து, பெரும் வணிகராகி, பினாங்கில் சீன அரசின் பிரதிநிதியாகவும் இருந்தவர். 38 அறைகள், 5 முற்றங்கள், 7 மாடிப்படிகள், 220 ஜன்னல்கள். 1916ல் அவர் காலமானார். கடைசி மகன் உயிரோடு இருக்கும்வரை வீட்டை விற்கக் கூடாது என்று உயில் எழுதி வைத்திருந்தார். அந்த மகன் 1989ல் இறந்ததும் வீடு விற்பனைக்கு வந்தது. அதற்குள் அது பாழடைந்து போயிருந்தது. கட்டடக் கலைஞர் லாரன்ஸ் லோவும் வேறு சிலரும் சேர்ந்து வாங்கிச் சீரமைத்தார்கள். 2000ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுடைமை விருது கிடைத்தது. வீடு நிற்கும் ஜார்ஜ் டவுன் நகரம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததே 2008ல்தான். ஊருக்கு முன்னால் வீடு பெயர் வாங்கிவிட்டது.

சரி, சுவருக்கு வருகிறேன். அந்த நீலம் டப்பாவில் வரும் பெயிண்ட் இல்லை. சுண்ணாம்புக் கரைசலில் அவுரிச் செடியிலிருந்து எடுக்கும் நீலம் கலந்து அடித்தது. அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த சரக்கு அது. வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பில் துளி நீலம் போடும் நம் வீட்டு வழக்கம் தெரிந்தவர்களுக்கு இது புரியும். இங்கே துளி இல்லை, அள்ளிப் போட்டிருக்கிறார்கள். காலை வெயிலில் ஒரு நிறம், மழை ஈரத்தில் வேறொரு நிறம். கிட்டப் போய்ப் பார்த்தால் திட்டுத் திட்டாக ஏற்ற இறக்கம் தெரியும். அதைக் குறை என்று நினைக்க வேண்டாம், சுண்ணாம்பின் இயல்பே அப்படித்தான்.

இதில் அழகை விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. பழைய செங்கல் மிருதுவானது. தரையிலிருந்து ஏறும் ஈரத்தைத் தடுக்க அடியில் தனித் தடுப்பு கிடையாது. கடல் பக்கத்து மண்ணில் உப்பும் சேர்ந்து ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், உப்பு பூத்து செங்கல்லின் முகமே உதிரும். இதே ஊரில் வேறொரு விடுதியில் தங்கியிருக்கிறேன், பெயர் வேண்டாம். சுவர் முழுக்கச் சிமெண்ட், மேலே பளபளக்கும் பெயிண்ட், முற்றத்தின் மேல் பிளாஸ்டிக் தகடு. இடுப்பு உயரம்வரை பெயிண்ட் கொப்பளித்து நின்றது. ராத்திரி முழுக்கப் புழுக்கம். நல்ல வீட்டை இப்படிப் பாழாக்குவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

நீல மாளிகையில் நடு முற்றம் இன்றும் திறந்தே கிடக்கிறது. கருங்கல் பாவிய தரை, மழை நேராக உள்ளே விழுகிறது. சூடான காற்று மேலே போக, மர ஜன்னல் பலகைகளின் இடுக்கு வழியே புதுக்காற்று வருகிறது. மதியம் இரண்டு மணிக்கு அங்கே உட்கார்ந்திருந்தேன், விசிறி தேவைப்படவில்லை. மழை வந்தால் இரைச்சல், சாரல் எல்லாம் உண்டு. ஹோட்டல்காரர்களுக்கு முற்றத்தைக் கண்ணாடி போட்டு மூடி நாலு மேசை கூடுதலாகப் போடும் ஆசை எளிதில் வரும். இவர்கள் அதைச் செய்யவில்லை. அதற்காகவே இரண்டு கையையும் எடுத்துக் கும்பிடலாம்.

முற்றத்தைச் சுற்றி நிற்கும் வார்ப்பிரும்புத் தூண்கள் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவை. தரையில் பூவோடு வரும் ஓடுகள் இங்கிலாந்தின் ஸ்டோக் ஆன் டிரெண்ட் ஊர்ச் சரக்கு. மரச் செதுக்கலும் பொன் இழைப்பும் சீனக் கைவேலை. கூரை விளிம்பைக் கட்டாயம் அண்ணாந்து பாருங்கள். பீங்கான் கிண்ணங்களைத் துண்டு துண்டாக நறுக்கிச் சாந்தில் பதித்து, பூவும் பறவையுமாகச் செய்திருக்கிறார்கள். நிறம் பீங்கானுக்குள்ளேயே இருப்பதால் வெயிலில் வெளிறுவதில்லை. கொத்தனாரின் கரண்டி பிடித்த எவருக்கும் கை துறுதுறுக்கும் வேலை அது.

பினாங்கில் பழைய வீடுகளின் வாடகைக் கட்டுப்பாடு 2000ல் முடிவுக்கு வந்தது. வாடகை ஏறியது, குடியிருந்தவர்கள் வெளியேறினார்கள். சில வீடுகளில், சாப்பிடுவதற்கு விற்கும் கூட்டுக்காகக் குருவி வளர்த்தார்கள், அந்த ஈரம் சுவரைத் தின்றது. இப்போது மிச்சத்தில் பல விடுதிகளாகின்றன. வியாபாரம் வந்ததே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். சுண்ணாம்பை அவ்வப்போது திரும்ப அடிக்க வேண்டும், கூரை ஓடுகளை மாற்ற வேண்டும், கரையான் பார்க்க வேண்டும். அந்தச் செலவை யாராவது கொடுத்தாக வேண்டும். இங்கே அறை வாடகை கொடுக்கிறது.

அறை விசாலம், கூரை உயரம், ராத்திரி நல்ல தூக்கம். மகள் மேல்மாடி உணவகத்தில் சாப்பிட்டுப் பாராட்டினாள், நான் பாதி நேரம் ஜன்னல் கொக்கியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாடகை நம் பைக்குக் கனம்தான். தங்க முடியாதவர்கள் சீட்டு வாங்கிச் சுற்றிப் பார்க்கலாம், ஆனால் விருந்தினர் அறைகளுக்குள் விடமாட்டார்கள். படிகள் உண்டு, முட்டிவலிக்காரர்கள் அவசரப்பட வேண்டாம்.

இதே ஊரின் லெபு பினாங்கு தெருவில் நம் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. ஒரே கூடத்தில் பெட்டியும் சாய்மேசையுமாகப் பல வட்டிக்கடைகள் நடந்த கட்டடங்கள். அப்படி ஒன்றை வைத்திருப்பவர்கள் விடுதியாக்க நினைத்தால், சிமெண்ட் மூட்டை இறக்குவதற்கு முன்னால் இங்கே ஓர் இரவு தங்கிப் பார்க்கட்டும்.